பூட்டிய கதவும் திரும்பிய காலும்

மாசித் திங்களின் இளங்காலைப் பனி மணிமுத்தாற்றின் மணற்பரப்பை விட்டு மெல்ல எழுந்து, கரையோரத்து நாணற்புதர்களைத் தடவி, கோபுரங்களின் இடையே சிறிது தங்கி, கதிரவன் கண் விழித்ததும் வந்த சுவடு தெரியாமல் கலைந்து போகும் வேளை. முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் முன்னோர் அழைத்ததும், இன்று விருத்தாசலம் என்னும் பெயரோடு பேருந்துகளின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதுமான அவ்வூர், தேர்த் திருநாளின் பொருட்டு அன்று வழக்கத்துக்கு முன்னரே விழித்துக்கொண்டது. தெருவெங்கும் நீர் தெளித்துக் கோலமிட்ட பெண்கள், தேர் வரும் வழி இதுவா அதுவா என்று அந்நேரத்திலேயே வழக்காடத் தொடங்கியிருந்தனர். ஆண்டுதோறும் தேர் ஒரே வழியில்தான் வருகிறது. ஆயினும் ஆண்டுதோறும் அவ்வழக்கு நடக்கத்தான் செய்கிறது.

ஊரின் ஒருபால் பழமலைநாதர் கோயில். மற்றொருபால் நான்கு திசைக்கும் இருப்புப்பாதை பிரிந்து செல்லும் தொடர்வண்டிச் சந்திப்பு. ஒன்று, வந்தவரை இங்கேயே இரு என்று சொல்லும். மற்றொன்று, இருப்பவரை எழுந்து வா என்று சொல்லும். இவ்விரு குரலும் ஒருசேரக் கேட்கும் இடத்தில் பீங்கான் செய்வோரின் கொட்டகைகள் வரிசையாக நின்றன. வெண்களிமண்ணின் மாவு படியாத பொருள் அங்கே ஒன்றும் இல்லை. வேலி வெள்ளை, வேலியோரத்து எருக்கஞ்செடி வெள்ளை, நிழலில் உறங்கும் நாயும் பாதி வெள்ளை. அங்கே வேலை செய்பவர் எதைத் தொட்டாலும் ஐந்து விரலும் அதில் பதிந்துவிடும். ஆகையால் அப்பக்கத்து மக்களால் ஒரு முறுக்கைக்கூட ஒளித்துத் தின்ன முடியாது என்று ஊரார் நகையாடுவதுண்டு.

அக்கோயிலைப் பற்றிப் பழங்கதை ஒன்று உண்டு. திருப்பணி செய்த வேலையாட்களுக்குக் கூலியாக முனிவர் ஒருவர் வன்னி மரத்து இலைகளை அள்ளிக் கொடுத்தாராம். எல்லார்க்கும் கொடுத்தது இலைதான். மடியை அவிழ்த்துப் பார்த்தபோதோ, உழைத்த உழைப்பின் அளவுக்கு அது பொன்னாகியிருந்ததாம். உழையாதவன் மடியில் இலை இலையாகவே கிடந்ததாம். நமக்கு வந்து சேர்வதெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டதா, நாமே வகுத்துக்கொள்வதா என்று சான்றோர் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். ஊழே எல்லாம் என்பார் ஒரு சாரார். உள்ளமே எல்லாம் என்பார் மறு சாரார். இரண்டையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட முடியுமா என்று கேட்டால், இரு சாராரும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவர். கற்றறிந்த அன்பரே, அவ்வழக்கை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. அத்தேர்நாளில் ஒரு சூளையடியில் நடந்ததை மட்டும் சொல்லுகிறேன், தீர்ப்பு உம்முடையது.

அக்கொட்டகைகளுள் ஒன்று வேல்விழியின் கொட்டகை. மாங்காய்ப் பருவம் தொடங்குமுன் ஊறுகாய் போடுவோர் தேடி வாங்கும் பீங்கான் சாடிகளை, அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் கூடிச் செய்து வந்தனர். பிறருக்குச் செய்து பழகிய கைகள் தமக்கென்று செய்த முதற் சாடிகள் அவை. பொங்கல் கழிந்த நாள்முதல் வார்த்தும், காயவைத்தும், மெருகுப் பூச்சில் தோய்த்தும், ஒவ்வொன்றையும் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திச் சூளைக்குள் அடுக்கியும் முடித்திருந்தனர். அடுக்கி முடித்த மறுநாளே, சூளை எரிக்கும் கலியமூர்த்தி வண்டியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். திருநாளும் அதுவுமாக வேறு ஆள் அகப்படவில்லை. அகப்பட்டவன் ஒருவன்தான்; அவன் வேல்விழியைப் பெற்ற தந்தை பழமலை.

தந்தைதானே, பிறகென்ன என்று கேட்பீர். இடர் அங்கேதான் இருந்தது. பழமலைக்கு நெருப்பு கைகட்டி நிற்கும். தீயின் ஓசையைக் கேட்டே சூளையின் எந்த மூலையில் வெப்பம் குறைகிறது என்று சொல்லக்கூடியவன் அவன். ஆனால் சுடுசொல் ஒன்று காதில் விழுந்துவிட்டால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நடப்பான். நடந்து சந்திப்பு நிலையம் சேர்வான். முதலில் வந்து நிற்கும் வண்டியில் ஏறுவான். சேலத்துக்கோ திருச்சிக்கோ கடலூருக்கோ, அது வண்டியின் விருப்பம். சில நாளோ சில திங்களோ கழித்து, சினமும் ஆறி, சினந்த காரணமும் மறந்து, முகம் கருத்துத் திரும்பி வருவான். அவன் தந்தையும் அப்படியே வாழ்ந்தவர். சோற்றில் கைவைத்தபடியே எழுந்து போகிறவர், கடைசியாகப் போன முறை திரும்பி வரவே இல்லை. “கால் எழுந்துட்டா என் பேச்சக் கேக்காது. எங்கப்பன் தலையெழுத்து எனக்கும்” என்று பழமலை சொல்லிக்கொள்வான். ஊழ் என்பது கூலி கேளாத சுமையாள். எதைத் தூக்கி அதன் தலையில் வைத்தாலும் வாய் திறவாது சுமக்கும். அவனும் நெடுநாள் சலிக்காமல் ஏற்றிவைத்துக்கொண்டே இருந்தான்.

சில ஆண்டுகளுக்குமுன் அவன் மைத்துனன் கொளஞ்சிநாதனின் சூளையை எரித்துக்கொண்டிருந்தபோது இது நேர்ந்தது. கொளஞ்சிநாதன் அடுத்த கொட்டகைக்காரன், பழமலையின் மனைவி சொர்ணாம்பாளுக்கு அண்ணன். எண்ணெய் சற்று மிகுதியாகச் செலவாகிறது என்று அவன் முணுமுணுத்ததுதான் தாமதம், பழமலை எழுந்து போய்விட்டான். எண்ணெய் பீய்ச்சி எரியும் எரிவாய் ஒன்று அணைந்தது. குளிர்காற்று உள்ளே புகுந்தது. ஓர் அடுக்குப் பண்டம் முழுதும் விரிசல் கண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாயிற்று. அன்றுமுதல் எவரும் அவன் கையில் நெருப்பைக் கொடுத்ததில்லை. பிறர் கொட்டகைகளில் மண் மூட்டை சுமந்து அவன் நாளைக் கழித்தான். சூளை எரியும் நாட்களில் சற்றே எட்டி நின்று அதன் ஓசையைக் கேட்டுவிட்டுப் போவான், அருகே போகமாட்டான்.

“நான் எரிக்கிறேம்மா” என்று அவனே மகளிடம் வந்து கேட்டான். “எனக்குத் தெரியாத தொழிலா?”

“தொழில் தெரியாதுன்னு யாருப்பா சொன்னா?” என்றாள் வேல்விழி. அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்லாததையும் அவன் கேட்டுக்கொண்டான்.

“இந்த ஒரு தடவ இருந்து காட்டுறேன். என்னால இருக்க முடியுதான்னு எனக்கே பாக்கணும்மா.”

அவன் வேண்டியது கூலியன்று, புகழுமன்று. தான் தன் தந்தையின் காலைச் சுமந்து திரியும் உடம்பு மட்டும்தானா, அதற்குமேல் ஏதேனும் தன்னிடம் உண்டா என்று நெடுநாள் நெஞ்சில் கிடந்த கேள்விக்கு ஒரு விடை வேண்டினான். மகள் அவன் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள்.

தேர்நாளின் வைகறையில் சூடம் காட்டிச் சூளையை மூட்டினான் பழமலை. சூளைவாயை அடைத்திருந்த செங்கற்களின் இடுக்குகளில் ஈரக் களிமண்ணைக் குழைத்துப் பூசினான். வெப்பம் ஏற ஏற அப்பூச்சு வெடிக்கும். வெடித்த இடத்தில் மீண்டும் பூசவேண்டும். ஆகையால் சூளை எரிப்பவனின் கை அன்று முழுதும் வெள்ளையாகவே இருக்கும். சுவரில் ஒரு சிறு பார்வைத்துளை. அதன்வழி நோக்கினால் உள்ளே மூன்று மண்கூம்புகள் தெரியும். வெப்பம் உரிய அளவை எட்ட எட்ட, அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாயும். மூன்றாவது கூம்பு சாயும்வரை எரிப்பவன் சூளையை விட்டு அகலலாகாது. அதற்குள் அகன்றால் உள்ளிருப்பது சாடியன்று, ஓடு.

வேல்விழி காலைப் பலகாரத்தையும் நண்பகல் சோற்றையும் தந்தையின் அருகில் வைத்துவிட்டு வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்தினாள். ஆள் உயரத்துக்கு மேலெழுந்த நெடிய தகட்டுக் கதவு அது. திருநாளை முன்னிட்டுத் தாழ்ப்பாள் உட்பட உள்ளும் புறமும் அவளே புதிதாகக் கருஞ்சாயம் பூசிக் காயவிட்டிருந்தாள். சாத்திய கை கதவை விட்டு உடனே விலகவில்லை. தந்தையை நம்ப வேண்டும் என்றது உள்ளம். சூளைக்குள் இருப்பவற்றுள் பெரும்பாதி பிறருடைய உழைப்பு என்றும் அதே உள்ளம் சொல்லிற்று. ஓசையெழாமல் ஒரு பூட்டை மாட்டிப் பூட்டினாள். திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு தேர்த்தெருவை நோக்கி நடந்தாள். தான் செய்தது முறையா என்று அவளுக்கே விளங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

உச்சி வெயில் சற்றே சாய்ந்தது. தேர்கள் நிலையை விட்டுப் புறப்பட்டதற்கு அடையாளமாக மேள ஒலியும் மக்கள் எழுப்பிய ஆரவாரமும் காற்றில் மிதந்து வந்தன. முதற் கூம்பு சாய்ந்துவிட்டது. இரண்டாவது சாயத் தொடங்கியிருந்தது. பழமலை விழியை எடுக்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கொட்டகையின் மாடியில் அச்சுகளை வெயிலில் திருப்பிப் போட வந்த கொளஞ்சிநாதன், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து நோக்கினான். பாழாய்ப்போன தன் பண்டங்களை அவன் இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று எண்ணியதும் இல்லை.

“என்ன மாப்ள, இன்னும் இருக்கியா?”

பழமலை வெடித்த இடுக்கு ஒன்றில் ஈரமண்ணை அப்பினான்.

“சேலம் வண்டி வர்ற நேரமாச்சே. உங்கப்பாரு நேரம் தவற மாட்டாரு.”

“நெருப்பு வேலையில இருக்கேன் மச்சான். அப்புறமா பேசலாம்.”

“எப்ப பேசினா என்ன? உன் கையில ஒண்ணுமில்ல மாப்ள. ஓடுறது உங்க ரத்தத்துல இருக்குது. அந்தப் பொண்ணு பாவம், அதுக்கு இன்னும் புரியல. நாளைக்கு அது வயித்துல ஒண்ணு பொறந்தாலும், அதுவும் ஓடத்தான் ஓடும். வேணும்னா பாரு.”

தன்னைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பானோ என்னவோ. இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் காலுக்கும் அச்சொல் விலங்கு பூட்டிவிட்டது. பழமலையின் காதுமடல் சிவந்தது. அவன் எழுந்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான், பையை எடுத்தான், கதவை நோக்கி நடந்தான். கொளஞ்சிநாதன் அதைக் கண்டான். கண்டதும், தான் சொன்னது பலித்துவிட்டது என்னும் நிறைவும், ஐயோ பலித்துவிட்டதே என்னும் பதைப்பும் ஒன்றாகவே அவனைப் பிடித்து உலுக்கின. தங்கையைக் கைப்பேசியில் அழைத்தான். மேளத்தின் நடுவே யாருக்குக் கேட்கும்? படியில் தடதடவென்று இறங்கித் தேர்த்தெருவுக்கு ஓடினான். பாதியைப் பார்த்தவன், முழுதும் பார்த்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு ஓடினான்.

முற்றத்தின் நடுவே ஒரு வேப்பமரம். பழமலை அதன் நிழலை அடைந்தபோது சந்திப்பு நிலையத்தில் தொடர்வண்டி கூவிற்று. அக்கூவல் அவன் விலாவெலும்பின் உள்ளே எங்கோ போய்த் தட்டியது; கால் இன்னும் விரைந்தது. அதே நொடியில், பின்னால், சூளையின் ஓசை மாறிற்று. எரிவாய் ஒன்று இருமிற்று. நெருப்பின் சீரான முழக்கத்தில் ஓர் இடறல் கேட்டது. அவன் நின்றான்.

இவ்விடத்தில் நாமும் சற்று நிற்க வேண்டும், அன்பரே. அவனுடைய வாழ்நாளில் அவன் அப்படி நின்றது அதுவே முதல் முறை. கால் போ என்றது. காது திரும்பு என்றது. கால் தந்தை கொடுத்ததென்றால், காதும் யாரோ கொடுத்ததுதான். சூளைப் புகையும் ஆண்டுகளும் பழக்கமும் சேர்ந்து செய்து கொடுத்தது. இரண்டில் ஒன்றையும் அவன் கடையில் பொறுக்கி வாங்கவில்லை. ஆயினும் அவ்விரண்டும் வேறு யாரையோ கேட்கவில்லை, அவனைத்தான் கேட்டன. இதற்குமுன்னும் கேட்டிருக்கும்; அவன்தான் அங்கே நின்று விடை சொன்னதில்லை. மகள் சொல்லாமல் விட்ட சொல் நினைவுக்கு வந்தது. பொங்கல் கழிந்த நாள்முதல் அப்பெண்கள் இடுப்பு நோக உட்கார்ந்து வார்த்தது நினைவுக்கு வந்தது. கொளஞ்சிநாதன் அன்று விரிசல் கண்ட பண்டங்களின் நடுவே ஒன்றும் பேசாமல் குந்தியிருந்த கோலமும் நினைவுக்கு வந்தது. அவன் நாக்கில் இருக்கும் நஞ்சு தான் வைத்ததுதான் என்று முதன்முதலாகத் தோன்றிற்று. பழமலை திரும்பினான்.

சட்டையையும் பையையும் மீண்டும் ஆணியில் மாட்டினான். எரிவாயைத் துடைத்துச் சீர்செய்தான். வெடித்த இடுக்குகளில் ஈரமண்ணைப் பூசினான். பார்வைத்துளையில் கண் வைத்தான். சேலம் வண்டி புறப்பட்டுப் போகும் ஓசையைக் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லாததால், வந்தபடியே விட்டுவிட்டான்.

தேர்த்தெருவிலோ, வடம் பிடித்த பெண்களின் வரிசையில் தங்கையையும் மருமகளையும் தேடிப் பிடித்திருந்தான் கொளஞ்சிநாதன். “சொர்ணம், கெளம்பிட்டான்! பையத் தூக்கிட்டான், என் கண்ணால பாத்தேன்!” என்று மேளத்துக்கு மேலே கத்தினான்.

சொர்ணாம்பாள் வடத்தை விடவில்லை. “கெளம்பியிருப்பாரு அண்ணே. போயிருக்க மாட்டாரு.”

“எப்பிடிச் சொல்ற?”

“காத்தால வூட்டுலேருந்து போவும்போது, சாயந்தரம் என்ன கொழம்புன்னு கேட்டுட்டுப் போனாரு. ஓடுற நாளுல அவரு கொழம்பு கேக்க மாட்டாரு.”

வேல்விழி வடத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். தந்தை போயிருக்க முடியாது என்பது அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இடுப்பில் செருகிய திறவுகோல் ஒவ்வோர் அடிக்கும் குத்திற்று. மாமன் குருதியை நம்பினான். தாய் குழம்பை நம்பினாள். தான் மட்டும் ஓர் இரும்புத் துண்டை நம்பியிருந்தது அவளுக்கு அப்போது உறைத்தது. தேர் அசைந்தது, ஆயிரம் குரல்கள் எழுந்தன, அவள் குரல் மட்டும் எழவில்லை.

பொழுது சாய்ந்தது. மேற்கு வானம் சூளைவாய்போல் சிவந்து மங்கிய வேளையில், மூன்றாவது கூம்பு தலை சாய்த்தது. பழமலை எரிவாய்களை ஒவ்வொன்றாக அடைத்தான். காலைமுதல் முழங்கிக்கொண்டிருந்த கொட்டகையில் திடீரென்று எழுந்த அமைதி காதை அடைத்தது. கதவைத் திறந்து தெருவுக்குப் போய், முதலில் எதிர்ப்படும் எவரிடமாவது சொல்ல அவனிடம் ஒரு செய்தி இருந்தது. இருந்தேன் என்னும் ஒரே சொல்தான் அச்செய்தி. ஈரமண் காயாத கையோடு கதவை நோக்கி வந்தான். அப்போது கதவுக்கு வெளியே பூட்டில் திறவுகோல் திரும்பும் ஓசை கேட்டது.

கதவு திறந்தது. வேல்விழி கையில் பூட்டோடு நின்றாள். அவள் பின்னால் கொளஞ்சிநாதன்.

“அட, பூட்டா!” என்றான் கொளஞ்சிநாதன். “அதான பாத்தேன். ரத்தம் சும்மா இருக்குமா? பூட்டு இல்லன்னா இந்நேரம் சேலத்துல இருப்பான்.”

பழமலை மகளையே பார்த்தான். “பூட்டிட்டா போன?”

இப்போதுதான் பூட்டினேன் என்று ஒரு பொய் அவள் நாவின் நுனிவரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். “ஆமாப்பா.”

“காத்தாலேருந்தா?”

“ஆமாப்பா.”

அவன் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அப்ப நான் இருக்கல. நீ இருக்க வச்சிருக்க” என்றான். குரலில் சினம் இல்லை; சினம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். நாளெல்லாம் நெருப்பில் நின்று மடியில் பொன்னென்று கட்டிவைத்ததை அவிழ்த்துப் பார்த்தால், அங்கே இலைதான் கிடந்தது. அவன் எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்துவந்தான். சூளை அணைந்துவிட்டது, இனி அவன் போனால் எந்தச் சாடிக்கும் தீங்கில்லை. தடுப்பார் இல்லை, கதவும் திறந்திருந்தது. பாதி சாய்ந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேற, தாழ்ப்பாளையொட்டி அதன்மேல் கையை வைத்தான்.

கதவின்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கை விலகிய இடத்தில், புதிய கருஞ்சாயத்தின்மீது, ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தன.

வேல்விழி அதைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்; கீழே பார்த்தாள். “அப்பா, நில்லுங்க!” என்று அலறினாள். “ஒங்க கை இப்பதான் இங்க பட்டுது!”

“பட்டா என்னம்மா?”

“இதுக்கு முன்னால படலியே! மாமா, இங்க வாங்க. வேற எங்கயாச்சும் கை இருக்குதா, நீங்களே பாருங்க.”

கொளஞ்சிநாதன் கைப்பேசியின் வெளிச்சத்தில் கதவின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினான். தண்ணீர்க் குடத்தில் விரல்கள் இருந்தன. சட்டை மாட்டிய ஆணிக்கருகே விரல்கள் இருந்தன. மின்பொத்தானைச் சுற்றி விரல்மேல் விரலாக வெள்ளை அப்பியிருந்தது. கதவு மட்டும் கருவிழியைப்போல் கறையின்றி இருந்தது, அந்த ஒரு புதுக்கையைத் தவிர. பிறகு அவன் தரையை நோக்கினான். மாலையில் பதிந்த ஈரச் சுவடுகளுக்கு அப்பால், சூளையடியிலிருந்து புறப்பட்டு உலர்ந்துபோன வெள்ளைப் பாதச் சுவடுகள் வேப்பமரம்வரை விரைந்து வந்திருந்தன. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி நின்றிருந்தன. பின் சூளையை நோக்கித் திரும்பிப் போயிருந்தன. அவற்றைத் தொடர்ந்து நடந்து போய், மரத்தடியில் அவனும் நின்றான்.

“கதவத் தொடவே இல்லியா மாப்ள?”

“இல்ல மச்சான். அந்த மரத்துவரைக்கும்தான் வந்தேன்.” பழமலை மகள் கையிலிருந்த பூட்டைப் பார்த்துத் தொடர்ந்தான்: “தொட்டிருந்தாலும் தொறந்திருக்காது. எப்பிடிப் பாத்தாலும் நான் உள்ளதான் இருந்திருப்பேன். அப்புறம் நான் திரும்பினதுக்கு என்னம்மா மதிப்பு?”

“போக முடியாததும் போகாததும் ஒண்ணாப்பா?” வேல்விழி அழுதுகொண்டே கேட்டாள். “பூட்டு கதவப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. ஒங்கள வந்து புடிக்கலியே. பூட்டு இருக்குதுன்னே ஒங்களுக்குத் தெரியாதே! பூட்டினது என் தப்பு. அதுக்கு என்ன வேணாலும் திட்டுங்க. ஆனா இருந்தது நீங்கதான்பா. அத எந்தப் பூட்டுக்கும் தூக்கிக் குடுக்காதீங்க.”

பழமலை தன் கையைப் பார்த்தான். கதவில் பதிந்த கையைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான்.

அவ்வேளை சொர்ணாம்பாள் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டதும் முதலில் மகளைத்தான் பிடித்துக்கொண்டாள். “நெருப்போட ஒரு மனுசன வச்சிப் பூட்டுவியாடி? ஏதாச்சும் ஒண்ணு ஆயிருந்தா? பூட்டுறதுக்கு இவரு என்ன மாடா?” என்று அவள் இரைந்த இரைச்சலில், அண்டைக் கொட்டகை நாய் எழுந்து வேறிடம் போயிற்று. வேல்விழி தலைகுனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். பிறகு சூளையின் இளஞ்சூட்டில் நால்வரும் உட்கார்ந்தனர். சொர்ணாம்பாள் சோறு பரிமாறினாள்.

பழமலை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: “நான் போவ மாட்டேன்னு சொன்னியாமே. முன்னாலயே ஒனக்குத் தெரியும்னா, அப்ப அது முன்னாலயே முடிவான விசயம்தான? நான் என்னத்த முடிவு பண்ணேன்?”

“மொதல்ல சாப்புடுங்க.”

அவன் ஒரு வாய் உண்டான். “கொஞ்சம் உப்பு...”

அவன் முடிப்பதற்குள் சொர்ணாம்பாள் மடித்து வைத்திருந்த வாழையிலைத் துண்டை எடுத்து அவன்முன் விரித்தாள். உள்ளே உப்பு.

“மொத வாயிலயே உப்பு கேப்பீங்கன்னு எனக்கு வூட்டுலயே தெரியும். கட்டிக்கிட்ட நாள்லேருந்து கேக்குறீங்க. எனக்குத் தெரிஞ்சிருந்ததால, இப்ப உப்பு கேட்டது நானா?”

கொளஞ்சிநாதனுக்குப் புரையேறிற்று. வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பழமலை உப்பையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப கொழம்புலயே போட்டு எடுத்தாந்திருக்கலாம்ல?”

“போட்டா கேக்க மாட்டீங்க. கேட்டுச் சாப்புடறதுதான் ஒங்களுக்குப் புடிக்கும்.”

அன்பரே, ஏடுகள் பல புரட்டியும் எனக்கு எட்டாத ஒன்று அந்த உப்புப் பொட்டலத்தில் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. ஒருவன் செய்யப்போவதை இன்னொருவர் முன்கூட்டி அறிந்திருப்பது, அவன் அவனாகவே இருக்கிறான் என்பதற்கு அடையாளம். அவன் கட்டுண்டவன் என்பதற்கு அடையாளமன்று. அன்போடு அறிந்தவர் நம்மை அறிந்தபின்னும், செய்யவேண்டியதை நாம்தான் செய்யவேண்டியிருக்கிறது. இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். சொர்ணாம்பாளுக்கு ஒரு சிட்டிகை போதுமாயிருந்தது.

சூளை ஆறியபின் பெண்கள் அனைவரும் கூடிச் செங்கற்களைப் பிரித்தனர். எரிவாய் இருமிய மூலையில் சில சாடிகள் பூச்சு வழிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைக் கண்டதும் பழமலை முகம் சுருங்கி, தான் மரத்தடியில் நின்ற சிறுபொழுதின் விலை அது என்று மறைக்காமல் சொன்னான். மற்றவை எல்லாம் தோளில் காவி நிறமும் வயிற்றில் பாலேட்டு நிறமுமாகப் பளபளத்து வெளிவந்தன. கொளஞ்சிநாதன் ஒன்றைக் கையில் எடுத்தான். விரல் மடக்கித் தட்டினான். கணீரென்று எழுந்த ஓசை அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டான். “அடுத்த வாரம் என் சூளைய எரிக்கணும் மாப்ள. வந்துடு” என்று மட்டும் சொல்லிச் சாடியைக் கீழே வைத்தான். அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வேல்விழி அடுத்த முறை சூளை அடுக்கிய நாளில், அந்தப் பூட்டையும் திறவுகோலையும் கொண்டுவந்து தந்தையின் கையில் வைத்தாள். “இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்பா.” அவன் அதை வாங்கிச் சட்டை தொங்கும் ஆணியில் திறந்தபடியே மாட்டினான். கதவில் பதிந்த அந்த வெள்ளைக் கையை அவள் கழுவவில்லை; அதன்மேல் சாயம் பூசவும் இல்லை.

இன்றும் அச்சூளை எரிகிறது. தந்தையின் கால் பழமலைக்கு இருக்கிறது, சினம் இருக்கிறது, சுடுசொல் சொல்வாருக்கும் ஊரில் குறைவில்லை. காரணமின்றி ஒன்றும் நிகழாது என்று நூலோர் சொல்வது மெய்யாகவே இருக்கட்டும். அக்காரணங்கள் எல்லாம் நாற்புறமிருந்தும் வந்து கூடும் முற்றத்தில், ஒருவன் நின்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நின்று விடை சொல்பவன் எவனோ, அவனுக்கே பழமலை என்று பெயர். கொடுக்கப்பட்டது இலைதான். மடியில் அது என்னவாகும் என்பது, வீடு போய்ச் சேர்வதற்குள் நாம் செய்வதில் இருக்கிறது.

நேற்று மாலை நான் அவ்வழியே போனபோது கதவு விரியத் திறந்திருந்தது. அவன் பார்வைத்துளையருகே உட்கார்ந்திருந்தான். சந்திப்பு நிலையத்தில் சேலம் வண்டி கூவிற்று. அவன் தலை நிமிர்ந்தான். அவன் காது அவ்வண்டியின் பின்னே நெடுந்தொலைவு போயிற்று. அவன் போகவில்லை.